வீதிக்கு வந்த விரல்நுனிச் சோதனை: சென்னையில் நீரிழிவு அளவீடும் இன்சுலின் கருவிகளும் (1948–2023)

முன்னுரை

நீரிழிவு மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1970இல் அமெரிக்காவில் இரத்தச் சர்க்கரை அளக்கும் முதல் கருவி விற்பனைக்கு வந்தது. 1985இல் டென்மார்க்கிலிருந்து இன்சுலின் பேனா வெளிவந்தது. இந்த வரிசையில் சென்னையின் பெயர் வராது. ஆனால் ஒரு கருவி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தக் கேள்விக்கு விடை தேட உதவியது என்று பார்த்தால், சென்னையைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

நோயாளியின் பயன்பாட்டுக்கென உருவான சோதனையை, நோய் இருப்பதே தெரியாதவரின் வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றதுதான் சென்னை செய்த பங்களிப்பு. அளவீடு இப்படி எளிதாகவும் மலிவாகவும் பரவிய அதே காலத்தில், இன்சுலினைச் செலுத்தும் கருவிகள் அந்த வேகத்தில் எளியவரை எட்டவில்லை. இந்த இரு போக்குகளையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிறுநீரிலிருந்து இரத்தத்துக்கு

1948இல் மருத்துவர் எம்.விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதலாவது என்று கருதப்படும் பிரிவு அது. 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையையும் நிறுவினார். அந்நாளில் சர்க்கரையை அறிய எளிய வழி சிறுநீர்ச் சோதனைதான். நீல நிறப் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி லிட்டரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைப்பார்கள். நிறம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏற ஏறச் சர்க்கரையும் அதிகம் என்று பொருள். விலை குறைவு, வீட்டிலேயே செய்யலாம் என்பவை இதன் நன்மைகள்.

குறை அடிப்படையிலேயே இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே சிறுநீரகம் அதை வெளியே விடும். அதற்குக் கீழே இருக்கும் உயர்வை இச்சோதனை காட்டாது. தாழ்சர்க்கரை என்ற உடனடி ஆபத்தையும் காட்டாது. சிறுநீர்ப்பையில் சில மணி நேரம் தங்கிய நீரைச் சோதிப்பதால், தெரிவது கடந்துபோன நிலை மட்டுமே. அந்த நிறத்தை நம்பி இன்சுலின் அளவை முடிவுசெய்தவர்கள் ஏறக்குறைய இருட்டில்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

1960களின் நடுவில் வந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் பட்டை ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரையைக் காட்டியது. பட்டையின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டியிருந்தது. அந்த நிறத்தை ஒளியால் அளந்து எண்ணாகத் தந்ததுதான் 1970இன் ஏம்ஸ் நிறுவனக் கருவி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை மருத்துவர்களை மனத்தில் வைத்தே செய்தார்கள். 1962இல் லீலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனை என்னும் கருத்து வேறொரு பாதையைத் திறந்தது. குளுக்கோஸை நொதி வினைக்கு உட்படுத்தி, அதில் எழும் மின்னோட்டத்தை அளப்பது அதன் முறை. இந்த முறையில் 1987இல் பேனா அளவுக் கருவி வந்தது. இன்று சட்டைப் பையில் அடங்கும் குளுக்கோமீட்டர்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள்.

2. பாரதி நகரும் ஏசியாட் காலனியும்

1991இல் மருத்துவர்கள் வி.மோகனும் எம்.ரெமாவும் தனி நீரிழிவு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். மயிலாப்பூருக்கு அருகே கோபாலபுரத்தில் இன்று இயங்கும் மருத்துவமனை அதன் தொடர்ச்சி. 1996இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை உருவானது. அதன் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று, சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு.

அந்த ஆய்வுக்கு இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் ஏசியாட் காலனி. மற்றொன்று தியாகராய நகரில் குறைந்த வருவாயினர் வாழும் பாரதி நகர். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பேர்போன தி.நகருக்குள் இப்படியும் ஒரு பகுதி உண்டு என்பதை அங்கே பொருள் வாங்க வருவோரில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இரு இடங்களிலும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேர் பங்கேற்றனர். ஏசியாட் காலனியில் 12.4 விழுக்காட்டினருக்கும் பாரதி நகரில் 6.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. வசதியுள்ளவர்களின் நோய் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் ஒத்துப்போனதாகவே தோன்றியது.

பத்தாண்டு கழித்து மீண்டும் அளந்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. ஏசியாட் காலனியில் விகிதம் 15.4 ஆகியிருந்தது, உயர்வு 24 விழுக்காடு. பாரதி நகரில் அது 15.3 ஆகியிருந்தது; உயர்வு 135 விழுக்காடு. ஏழைக்கும் நடுத்தர வருவாயினருக்கும் இடையே நோய் விகிதத்தில் இருந்த வேறுபாடு பத்தே ஆண்டில் மறைந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் ஏசியாட் காலனியில் நடந்த ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். சோதனை முடிவுகளை அறிந்த குடியிருப்போர் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கே 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். பூங்கா ஒன்றே நோயைத் தடுத்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் தன் எண்ணைத் தெரிந்துகொண்ட சமூகம் தானாக எழுந்து செயல்படக்கூடும் என்பதையும், அப்படிச் செயல்பட இடமும் பணமும் வேண்டும் என்பதையும் இந்த ஒப்பீடு சுட்டிக்காட்டுகிறது.

3. குளுக்கோமீட்டர் நகரத்தை எண்ணியது

அடுத்த பாய்ச்சலுக்குக் கருவியே வழிவகுத்தது. 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற–ஊர்ப்புற நோய்ப்பரவல் ஆய்வு, மாநகராட்சியின் அன்றைய 155 வட்டங்களிலிருந்து 46ஐத் தேர்ந்து, 26,001 பேரைச் சோதித்தது. முதற்கட்டத்தில் வெறும் வயிற்றில் விரல்நுனி இரத்தம் எடுத்துக் கையடக்கக் குளுக்கோமீட்டரால் அளந்தார்கள். இத்தனை பேரிடம் சிரையில் இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் செலவும் ஆள்தேவையும் பன்மடங்காகியிருக்கும். ஒருவரின் மருந்தளவைச் சரிபார்க்க உருவான கருவி ஒரு மாநகரத்தின் நோயை எண்ண உதவியது.

அதன் துல்லியத்தை ஆய்வாளர்கள் கேள்வியின்றி ஏற்கவில்லை. ஒவ்வொரு பத்தாவது நபரையும் அழைத்து, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து முறையான சோதனை செய்தார்கள். அதில் 2,350 பேர் கலந்துகொண்டனர். 1989இல் 8.3 விழுக்காடாக இருந்த சென்னையின் நீரிழிவு விகிதம் 14.3 ஆகியிருந்தது தெரியவந்தது. 14 ஆண்டுகளில் 72.3 விழுக்காடு உயர்வு. இதே அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. அந்தத் தேசிய ஆய்வுக்கு அடித்தளம் சென்னைத் தெருக்களில் இடப்பட்டது.

4. அளவுநாடாவும் ஒரு தம்ளர் குளுக்கோஸும்

சென்னையில் பிறந்த புதுமைகள் உண்டு. அவை இயந்திர வடிவில் வராததால் கண்டுபிடிப்புகளாக எண்ணப்படுவதில்லை.

முதலாவது, 2005இல் வெளியான இந்திய நீரிழிவு இடர்மதிப்பெண். மேற்சொன்ன 2,350 பேரின் தரவிலிருந்து உருவான இதற்கு இரத்தமே தேவையில்லை. வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 அல்லது அதற்கு மேல் 30. உடற்பயிற்சியும் கடும் உடலுழைப்பும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. இடுப்புச் சுற்றளவுக்கு அதிகபட்சம் 20. மொத்தம் 100க்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இடர் அதிகம். இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஓர் அளவுநாடாவும் சில கேள்விகளும் போதும் என்பதால், யாருக்குப் பட்டையைச் செலவிடலாம் என்று ஒரு கிராமச் சுகாதாரப் பணியாளரே முடிவுசெய்ய முடிகிறது.

இரண்டாவது, கர்ப்பகால நீரிழிவுக்கான ஒற்றைச் சோதனை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவியல் துறையை வளர்த்தெடுத்த மருத்துவர் வி.சேஷய்யா, கர்ப்பிணியின் அன்றாடத்திலிருந்து சிந்தித்தார். வெகுதூரம் பேருந்தில் வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் பலர் வரவே மாட்டார்கள். எனவே சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை அளக்கலாம் என்றார். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று கொள்ளப்படும். இம்முறையில் தமிழ்நாட்டில் நடந்த, 2008இல் வெளியான ஆய்வு நகரில் 17.8, நகர்சார் பகுதியில் 13.8, ஊர்ப்புறத்தில் 9.9 விழுக்காட்டுக் கர்ப்பிணிகளுக்கு இந்நிலை இருப்பதைக் கண்டது.

5. ஊசி, பேனா, பம்ப்

இன்சுலின் செலுத்தும் கருவிகளின் கதை வேறு திசையில் போகிறது. தொடக்கத்தில் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, அதே ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். பின்னர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சுகள் வந்தன. உலகின் பல நாடுகள் மில்லி லிட்டருக்கு 100 அலகு என்ற ஒரே செறிவுக்கு மாறின. இந்தியாவில் 40 அலகுப் புட்டி இன்றும் புழக்கத்தில் உள்ளது. சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40 அலகுக்கு, ஆரஞ்சு மூடி 100 அலகுக்கு. 40 அலகு மருந்தை 100 அலகுச் சிரிஞ்சில் 40ஆம் கோடுவரை இழுத்தால் உடலில் சேர்வது 16 அலகு மட்டுமே. மாற்றி இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறி, தாழ்சர்க்கரையில் மயங்கிவிழ நேரிடும். மருந்துக்கடையில் மூடி நிறம் மாறினால் உயிருக்கே ஆபத்து என்னும் நிலை இந்த நூற்றாண்டிலும் நீடிக்கிறது.

பேனா இக்குழப்பத்தைத் தீர்த்தது. அளவைத் திருகிவைத்து அழுத்தினால் போதும். ஆனால் அதன் மருந்துக் குழல்களின் விலை புட்டியைவிட அதிகம். 2003இல் வொக்கார்ட், 2004இல் பயோகான் என்று இந்திய நிறுவனங்கள் மரபணுப் பொறியியல் வழி மனித இன்சுலினைத் தயாரிக்கத் தொடங்கியது விலை குறைய வழிசெய்தது.

2015இல் இந்தியாவுக்கு வந்த, கையில் ஒட்டிக்கொள்ளும் உணரி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 14 நாட்கள் தோலடித் திரவத்தின் சர்க்கரையைப் பதிவுசெய்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையால் சொல்ல முடியாத ஒன்றை, அதாவது நள்ளிரவின் தாழ்வையும் காலை இட்லிக்குப் பின் வரும் ஏற்றத்தையும், அது வரைந்துகாட்டுகிறது. 1963இல் அர்னால்ட் கேடிஷ் முதுகில் சுமக்கும் அளவில் செய்த இன்சுலின் பம்ப், இன்று உணரியோடு பேசித் தானே மருந்தளவைக் கூட்டிக் குறைக்கும் இடுப்புக் கருவியாகச் சுருங்கியிருக்கிறது. சென்னையின் பெரிய மையங்களில் இவை கிடைக்கின்றன. விலை கொடுக்க முடிந்தவருக்கே கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவுரை

1,441 பேரிடம் நடந்து 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு, டைப் 1 நீரிழிவில் அடிக்கடி அளந்து அதற்கேற்ப இன்சுலின் எடுத்துக்கொண்டால் கண்பாதிப்பு தோன்றும் இடர் 76 விழுக்காடு குறையும் என்று நிறுவியது. அளப்பதும் செலுத்துவதும் ஒரே சிகிச்சையின் இரு பாதிகள் என்பதே அதன் பொருள். சென்னையின் வரலாறு முதல் பாதியில் பெருமிதம் தருகிறது. இரண்டாம் பாதியில் கடமையை நினைவூட்டுகிறது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைச் சோதனையையும் மாத்திரையையும் வீடு தேடிச் சென்று தருகிறது. பாரதி நகர் போன்ற இடங்களில் கற்ற பாடம் அரசுக் கொள்கையாக மாறியதன் அடையாளமாக அதைக் காணலாம். அடுத்துச் செய்ய வேண்டியவை தெளிவாக உள்ளன. அரசு மருத்துவமனையில் இன்சுலின் புட்டி பெறும் ஒவ்வொருவருக்கும் அதற்குரிய சிரிஞ்சும் போதிய சோதனைப் பட்டைகளும் சேர்த்தே தரப்பட வேண்டும். 40 அலகுச் செறிவைக் காலவரம்பு வைத்துக் கைவிட வேண்டும். டைப் 1 நோயுள்ள குழந்தைகளுக்கு முதலில் பேனாவையும் உணரியையும் பொதுச் செலவில் வழங்க வேண்டும். மாத்திரையால் சமாளிக்க வழியில்லாத அந்தக் குழந்தைகளுக்கு இவை ஆடம்பரப் பொருள்கள் அல்ல. யாருக்கு நோய் இருக்கிறது என்று வீடுவீடாகப் போய் எண்ணிய நகரம், எண்ணப்பட்டவர்களுக்கு முழுச் சிகிச்சையும் சேர்வதைத் தன் பொறுப்பாக ஏற்கும்போதுதான் 1948இல் தொடங்கிய பணி நிறைவுபெறும்.