வாசகனின் நேரம்

எஸ்.ஆர். ரங்கநாதன் பெயரைச் சொன்னதும் ஐந்து விதிகளை ஒப்பிப்பது நூலகத் துறையில் ஒரு சடங்காகிவிட்டது. ஐந்தில் நான்காவது, வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மற்றவை தத்துவம் போலத் தொனிக்க, இது மட்டும் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. அதனாலேயே யாரும் இதை நின்று பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு ஐந்திலும் இதுதான் கடுமையானதாகப் படுகிறது. வருகிறவன் பொழுது போகாமல் வந்தவன் அல்ல, வேறு ஜோலி உள்ளவன் என்ற எண்ணத்தை இது ஸ்தாபனத்தின் தலையில் சுமத்துகிறது. நம் ஸ்தாபனங்களுக்கு இந்த எண்ணம் இயல்பானதல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொது நூலகம் வாசகனை அலமாரிப் பக்கமே விட்டதில்லை. இங்கிலாந்தில் 1870களிலிருந்து காட்கிரீவ் என்பவரின் பலகை பல நூலகங்களில் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண். எண்ணின் பக்கத்தில் ஒரு நிறம் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது, மறு நிறம் தெரிந்தால் வெளியே போயிருக்கிறது. வாசகன் அச்சிட்ட பட்டியலில் எண்ணைத் தேடி, பலகையில் நிறம் பார்த்து, கவுண்டரில் சொல்ல வேண்டும்; சிப்பந்தி உள்ளே போய் எடுத்து வருவார். கையில் வந்த பிறகே அது வேண்டாத புத்தகம் என்று தெரியும். மறுபடி பட்டியல், மறுபடி பலகை. 1894இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் இந்தத் தடுப்பை எடுத்துவிட்டு வாசகர்களை அலமாரிக்கு நேரே அனுப்பினார். உள்ளே வரவும் வெளியே போகவும் சிறு கதவுகளை வைத்துக் காவலை அங்கே நிறுத்திக்கொண்டார். அதை எதிர்த்துப் பலமாகக் கூச்சல் போட்டவர்கள் வாசகர்கள் அல்ல, சக நூலகர்கள். புத்தகம் திருட்டுப் போகும், இடம் மாறிப் போகும் என்றார்கள். இரண்டும் நடக்கும்தான். கேள்வி, அந்த நஷ்டத்துக்கு எதிரே எதை வைத்துப் பார்ப்பது என்பது.

ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர். அதுவரை பிரசிடென்சி கல்லூரியில் கணித ஆசிரியர். அதே ஆண்டு லண்டன் போய் யூனிவர்சிட்டி கல்லூரியில் நூலகப் படிப்பில் சேர்ந்தார். அவருடைய ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகர நூலகத்தின் தலைவர். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925இல் திரும்பினார். திரும்பியவர் இங்கே செய்த முக்கியமான காரியம் அலமாரிகளைத் திறந்து விட்டதுதான். கணக்கு வாத்தியாருக்கு எதிரே எதை வைப்பதென்று தெரிந்திருந்தது. நாம் போட்டாலும் அந்தக் கணக்கு வரும். ஒரு நாளைக்கு 200 பேர், ஆளுக்கு 20 நிமிஷம் கவுண்டரில் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதாவது எட்டு குமாஸ்தாக்களின் ஒரு முழு வேலைநாள். காணாமல் போன புத்தகம் ஸ்டாக் பதிவேட்டில் குறையாக நிற்கும். இந்த 66 மணி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அலமாரியைத் திறந்ததும் வேறொரு பிரச்னை வருகிறது. மூடிய அறையில் புத்தகம் எந்த வரிசையில் இருந்தாலும் சிப்பந்திக்கு எண் போதும். வாசகனே உள்ளே போனால் ஒரு புத்தகத்தின் பக்கத்தில் அதன் உறவுக்காரப் புத்தகம் இருந்தாக வேண்டும். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறையை ஒரு கணித மூளையின் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த நிர்ப்பந்தத்தை மறந்துவிடுகிறார்கள்.

புத்தகத்தைக் கொடுத்து வாங்கும் முறையும் அப்படித்தான். பேரேட்டில் பெயர், எண், தேதி என்று எழுதி, திரும்பி வரும்போது பக்கம் புரட்டி அடித்துவிட வேண்டும். பேரேடு ஒரு கியூவை எப்படி உற்பத்தி செய்யும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1895இல் அமெரிக்காவில் நைனா பிரவுன் கண்ட முறையில் எழுத்தே கிட்டத்தட்ட இல்லை. புத்தகத்தின் சீட்டை எடுத்து வாசகனின் சிறு உறையில் செருகி, திருப்பித் தரவேண்டிய தேதிக்குப் பின்னால் வைத்துவிட்டால் முடிந்தது. தேதி முத்திரை ஒன்றுதான் வேலை. நம்மூர் நூலகங்களில் பழுப்பு அட்டை உறையாக நாம் பார்த்தது இதன் வம்சம்தான்.

ரங்கநாதனின் புத்தகம் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. நான்காவது விதிக்கான அத்தியாயத்தில் வாசகன் உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரை ஒவ்வொரு அடியிலும் அவன் எங்கே தாமதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போகிறார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தியப் புத்தகங்களில் இவ்வளவு மரியாதையாக ஒரு சாதாரண ஆளின் பின்னால் நடந்தவை குறைவு. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. வயல் வேலை முடிந்து கால் கழுவியவன் டவுனுக்கு நடக்க வேண்டாம், புத்தகம் ஊருக்கு வரும். மேலவாசல் கிராமத்தில் அது துவங்கியது.

1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலானது. ஊர் ஊராகக் கிளைகள் வந்தன. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைச் சிலர் கேலி செய்வதுண்டு. வெள்ளியன்று மூடினால்தான் ஞாயிறு திறக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஒழிவுள்ள ஆளை நினைத்துச் செய்த ஏற்பாடாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் சட்டத்தோடு கூடவே ஆடிட்டும் வந்தது. சர்க்கார் கணக்கில் புத்தகம் நாற்காலியைப் போல ஒரு தளவாடச் சாமான். குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். சொற்பச் சம்பளத்தில் இருப்பவர் என்ன செய்வார்? பூட்டுவார். நான் அறிந்த ஒரு கிளை நூலகத்தில் வாரப் பத்திரிகைகள் மேஜை மேல் கிடந்தன. விலை கூடிய மொழிபெயர்ப்பு நாவல்கள் கண்ணாடி பீரோவில் இருந்தன. பீரோவின் சாவி வேறொருவரிடம், அவர் மாலையில் வரமாட்டார். டஃப் பிரவுனை எதிர்த்தவர்களின் பயம்தான் இதுவும். அவர்களாவது வாதாடினார்கள். இங்கே விதி மட்டும் சுவரில் தொங்குகிறது.

இதற்கிடையில் நான்காவது விதியை ஒரு சொல்கூடப் படிக்காமல் நிறைவேற்றியவர்கள் சர்க்குலேட்டிங் லைப்ரரிக்காரர்கள். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் மணியடித்து, போன வாரத்து இதழை வாங்கி இந்த வாரத்து இதழைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் பையில் இருந்தது தொடர்கதை. தமிழ் வாசகன் தொடர்கதையை விரும்புகிறான், நல்ல எழுத்து அவனுக்கு வேண்டாம் என்று விமர்சகர்கள், நான் உள்பட, சலித்துக்கொள்கிறோம். ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தது, இன்னொன்று சாவி வரும்வரை காத்திருந்தது. இதை ரசனையின் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது? ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. சுந்தர ராமசாமி ஜவுளிக் கடை நடத்தியவர். இவர்களைத் தேடிப் படிக்கக்கூடிய ஆளும் அநேகமாக மாலை ஏழு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன்தான். அவன் இறங்கும் நேரத்தில் கிளை நூலகத்தின் ஷட்டரை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.