ஒஸ்தா மாமியும் தாயின் சொல்லும்

பீங்கான் நகரான விருத்தாசலத்திலிருந்து எழுதும் நமக்கு இலங்கை அயலன்று. அங்கும் தமிழ் பேசும் வீடுகளே. அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், பிறந்து 40 நாளளவில் பெண்மகவின் பிறப்புறுப்பில் கத்தி வைக்கும் 'கத்னா' வழக்கம் உண்டு. செய்பவர் ஒஸ்தா மாமி. செய்விப்போர் வீட்டு மூத்த பெண்கள். பேறுகாலம் தீராத இளந்தாய் தனித்து எங்ஙனம் மறுப்பாள்?

2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இதனைக் கடமை என்றது. 2018இல் சுகாதார அமைச்சு மருத்துவர்கள் இதனைச் செய்யலாகாதெனச் சுற்றறிக்கை விடுத்தது. அது மருத்துவரைக் கட்டும்; ஒஸ்தா மாமியைக் கட்டாது.

1997இல் செனகலின் மாலிகூண்டா பம்பாரா சிற்றூரில், பெண்கள் முன்னின்று இவ்வழக்கத்தை ஊரறியக் கைவிட்டனர். ஒருத்தி மறுத்தால் அவள் மகளுக்கு மணம் அமையாது. ஊரே மறுத்தால் அந்த அச்சம் ஏது? தாயன்பில் என்றும் குறையில்லை. குறை அவளுக்கு வாய்க்காத துணையில்தான் என்பதே நாம் காணும் உண்மை.