ஈக்கோஸ்போர்ட்டும் ஃபியஸ்டாவின் ஸ்பிரிங்கும்

பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடிச் சாலைகளில் இன்று நிறைந்திருக்கும் சிறு எஸ்.யூ.வி.களின் வரலாறு, 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறு கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்த 2006ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டோடு பிணைந்தது. அவ்வரம்புக்குள் அடங்கி, 2013இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், ஃபியஸ்டா காரின் அடித்தளத்தின் மீதே எழுந்து, தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் இடைவெளியுடன் நின்றது. வண்டியைத் தாழ்த்தி, வளைவுகளில் அது சாய்வதைக் குறைக்க விரும்புவோரை, எடையைத் தாங்கும் காயில் ஸ்பிரிங்கை ஃபியஸ்டாவிலிருந்து எடுக்கத் தூண்டுவது இந்த உறவுதான்.

எனினும் ஸ்பிரிங் மட்டும் குட்டையானால், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் தண்டு ஓடும் தூரம் சுருங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் தடுப்பில் மோதும். ஆகவே இரண்டையும் இணையாக மாற்றுவதே பொறுப்பான வேலை, ஸ்பிரிங்கை அறுப்பதோ உயிரோடு விளையாடுவது. எதை மாற்றும் முன்பும் சட்டத்தையும் பார்க்க வேண்டும்: தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.