குடியிருப்போ, அத்துமீறலோ?
(1946ஆம் ஆண்டின் நேவ்ஸ்மியர்த் தோட்டப் போராட்டம் பற்றிய ஒரு நோக்கு)

ஓர் இடம் எப்பொழுது ஒருவருக்கு வீடாகின்றது என்னும் வினாவுக்குச் சட்டம் ஒரு விடையும் வாழ்க்கை வேறொரு விடையும் தருகின்றன. சட்டம் உறுதிப் பத்திரத்தை நோக்கும். வாழ்க்கை அடுப்பையும் தொட்டிலையும் நோக்கும். இவ்விரு நோக்குகளும் நேருக்கு நேர் மோதிய சந்தர்ப்பங்களுள் நேவ்ஸ்மியர்த் தோட்டப் போராட்டம் தலையாயது எனலாம்.

அட்டனிலிருந்து பட்டிப்பொல நோக்கி ஏறும் புகையிரதத்தில் செல்வோர் மலைச் சரிவுகளில் நீண்டு கிடக்கும் லயங்களைக் காண்பர். ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. இதுவே ஒரு குடும்பத்துக்கு விதிக்கப்பட்ட இடமாகும். தொழிலாளரை வேலைத்தலத்துக்கு அண்மையில் வைத்திருப்பதற்காகவே தோட்ட நிர்வாகம் இவற்றைக் கட்டியது. ஆயினும் அங்கு குடியேறியோர் இஸ்தோப்பைச் சாணமிட்டு மெழுகினர். லயத்தின் ஓரத்தில் மரக்கறி பயிரிட்டனர். ஒரே பீலியில் நீர் பிடித்தனர். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். நன்மை தீமைகளில் ஒருவருக்கொருவர் துணை நின்றனர். பிறர் கட்டிய கொட்டடிகள் இவ்வாறு அவர்தம் ஊராயின. எனினும், தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டப்படின் காம்பராவும் கைநழுவும் என்னும் அச்சம் அவர்களை விட்டு நீங்கியதில்லை.

அவ்வச்சம் மலையகத்தின் மேற்கே கேகாலை மாவட்டத்தில் உண்மையாயிற்று. அங்குள்ள நேவ்ஸ்மியர்த் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் கையேற்றது. அக்காலத்தில் விவசாய, காணி அமைச்சராக விளங்கியவர் டி. எஸ். சேனநாயக்க ஆவார். காணியற்ற கிராமத்தவரின் தேவை பொய்யானதன்று. ஆனால் அத்தேவையை நிறைவு செய்வதற்காகக் காலங்காலமாக அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். குற்றமுறை அத்துமீறல் செய்தனர் என அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1946இல் இலங்கை இந்தியன் காங்கிரஸின் தலைமையில் வேலைநிறுத்தம் மூண்டது. ஒரு தோட்டத்தின் பிரச்சினை தோட்டத் தொழிலாளர் அனைவரதும் பிரச்சினையாயிற்று.

அதே ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்ததொன்று ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. போரினால் வீடற்றிருந்த குடும்பங்கள் கென்சிங்டனில் வெறுமையாகக் கிடந்த ‘டச்சஸ் ஒவ் பெட்ஃபோர்ட் ஹவுஸ்’ என்னும் மாடிக் கட்டடத்தினுள் புகுந்து குடியிருந்தன. நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து சில நாள்களில் அவை வெளியேற நேர்ந்தது. அவர்கள் பிறர் கட்டடத்தினுள் நுழைந்தவர்கள். நேவ்ஸ்மியர்த் தொழிலாளரோ எங்கும் நுழையவில்லை, இருந்த இடத்தில் இருந்தவர்கள். ஆயினும் இரு சாராரையும் சட்டம் அத்துமீறியோர் என்றே அழைத்தது.

நேவ்ஸ்மியர் வழக்கு இறுதியில் இலண்டன் கோமறைக் கழகத்தை அடைந்தது. ‘செல்வநாயகம் எதிர் மன்னர்’ என்னும் வழக்கில் 1950இல் வழங்கப்பட்ட தீர்ப்பு தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. குற்றமுறை அத்துமீறலுக்குப் பிறரைத் தொல்லைப்படுத்தல் போன்ற நோக்கமே மேலோங்கி நிற்றல் வேண்டும். தம் இல்லத்தை இழக்க விரும்பாது தங்கியிருப்போரிடம் அத்தகைய நோக்கம் உண்டெனக் கொள்ளல் ஆகாது என்பதே அதன் சாரம். தொழிலாளர் நெடுங்காலமாக உணர்ந்திருந்ததை உயர் நீதிபீடம் ஏற்றுக்கொண்டது.

ஆயின் இவ்வெற்றியின் எல்லையும் உணரப்படல் வேண்டும். குற்றவாளிகள் அல்லர் என்ற தீர்ப்பு, காணிக்கு உரியவர்கள் என்ற தீர்ப்பாக அமையவில்லை. தீர்ப்பு வெளிவருமுன்னரே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. காம்பராவில் குற்றமின்றி இருக்கலாம். நாட்டில் உரிமையோடு இருத்தல் இயலாது என்ற முரண்நிலை தோன்றியது. தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒருவரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றலாகாது என்னும் பாதுகாப்பை 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அளித்தது. அதுவும் வெளியேற்றலைக் கட்டுப்படுத்தியதேயன்றி உடைமையை வழங்கவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டபோதிலும், லய வாழ்க்கை முற்றாக மறைந்துவிடவில்லை.

எனவே, நேவ்ஸ்மியர்ப் போராட்டம் எழுப்பிய வினா இன்னும் முழுமையாக விடை பெறவில்லை எனலே பொருந்தும். இருந்த இடத்தில் இருப்பது குற்றமன்று என நிறுவியோர் நேவ்ஸ்மியர்த் தொழிலாளர். இருந்த இடம் தமக்கே உரியது என நிறுவும் பணி, அவர்தம் பேரப்பிள்ளைகளின் தலைமுறையிலும் தொடர்கின்றது.