மாற்று இயங்குதளங்களும் தமிழ் மென்பொருள் வணிகமும்: அந்தமானை முன்வைத்து

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581. இவருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். இவர்களில் லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ் நூல் உருவாக்க விழையும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மொழி, இயங்குதளம், இடம் ஆகிய மூன்றாலும் அவர் சிறுபான்மையர். வணிக மென்பொருள் நிறுவனங்களின் தயக்கத்தை அவர் நிலையிலிருந்து நோக்குவதே தெளிவு தரும்.

அத்தயக்கம் தொழில்நுட்ப இயலாமையால் எழுந்ததன்று. ஒரு மென்பொருளை வேறோர் இயங்குதளத்திற்கு மாற்றுவது ஒருமுறைச் செலவோடு முடிவதில்லை. ஒவ்வொரு பதிப்பையும் மீண்டும் சோதித்தல் வேண்டும். பயனர் ஐயங்களுக்கு விடையளிக்கவும் ஆள் வேண்டும். லினக்ஸ் பல வழங்கல்களாகப் பிரிந்திருப்பதால் இச்சுமை மேலும் பெருகும். வாங்குவோர் தொகையோ சிறிது.

தமிழ் அச்சுலகில் பெரிதும் வழங்கிய பேஜ்மேக்கர் இதற்குத் தக்க சான்றாகும். விண்டோஸ், மெக்கின்டாஷ் ஆகியவற்றிற்கு வெளிவந்த அது லினக்சிற்கு வரவேயில்லை. 2001-இல் வெளியான 7.0 என்னும் இறுதிப் பதிப்பும் ஒருங்குறியை ஏற்கவில்லை. எனவே தமிழ் எழுத்துரு நிறுவனங்கள் தத்தமக்கெனக் குறியேற்றங்களை வகுத்து, பெரும்பாலும் விண்டோசிற்கே விற்றன. ஒன்றில் தட்டச்சிட்ட நூல் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாயிற்று. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. தமிழைச் சிறு சந்தையெனப் பெருநிறுவனங்கள் ஒதுக்கிய அதே கணக்கைத் தமிழ் மென்பொருளாளர் லினக்ஸ் பயனர்பால் கையாண்டமை ஈண்டு நோக்கத்தக்கது. உரிமமின்றிப் படியெடுத்தல் மலிந்திருந்த சூழலில் அவரைக் குறைகூறுதலும் எளிதன்று.

விலையின்றிக் கிடைப்பது லினக்சின் சிறப்பு எனப்படும். அதன் தொகுப்புகளோ இணையவழியே புதுப்பிக்கப்படுவன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கப்படும் வரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. ஆதலின் அவ்விலையின்மை அங்கு முழுப்பயன் தந்திருக்க இயலாது.

அரசே வாங்குபவராகும்போது கணக்கு மாறக்கூடும். எல்காட் நிறுவனம் 2007-ஐ ஒட்டி சூசே லினக்சை மேற்கொண்டது. சிடாக் நிறுவனத்தின் பாஸ் இயங்குதளமும் 2007-இல் வெளிவந்தது. ஆயினும் பக்க வடிவமைப்பிற்கான வணிக மென்பொருள்கள் உடன்வரவில்லை. அடோபியின் இன்டிசைன் 2012-இல் இந்திய மொழிகளை ஏற்றபோதும் லினக்சிற்கு வரவில்லை. அவ்விடத்தை நிரப்பியது கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸ். தமிழ் போன்ற எழுத்துமுறைகளை 2017-இல் வெளியான 1.5.3 பதிப்பிலிருந்தே அது முறையாகக் கையாளத் தொடங்கியது.