பாரதியின் பதிப்புக் கணக்கு

சங்ககிரியிலிருந்து தென்மேற்கே சென்று காவிரியைக் கடந்தால் ஈரோட்டைச் சேர்ந்த கருங்கல்பாளையத்தை அடையலாம். 1921 ஜூலை 31 அன்று அவ்வூர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் பாரதியார், மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். அப்போது, முந்தைய ஆண்டு அவர் வகுத்த பதிப்புத் திட்டமொன்று நிறைவேறாமலே நின்றிருந்தது. தம் கைப்பொருளால் நூல் வெளியிடும் கவிஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

பாரதியார் நூல் வெளியீட்டுக்குப் புதியவர் அல்லர். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்தம் பாடல்களை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மறு ஆண்டே 'ஸ்வதேச கீதங்க'ளைப் பாரதியார் தாமே வெளியிட்டார். புதுவை வாழ்வுக்குப்பின் கடையத்தில் தங்கியிருந்த காலத்தில், 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் வெளியிட எண்ணினார். விலை அரை ரூபாய். அச்சுச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டியிருந்தது. அன்பர்கள் தரும் தொகையை நன்கொடையாக அன்றி, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியுடன் திருப்பித் தரும் கடனாகவே அவர் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் எளிதில் விலைபோகும் என்று நம்பினார்.

நான்கு லட்சம் படிகளும் விற்றால் இரண்டு லட்சம் ரூபாய். பெருக்கலில் பிழையில்லை; உவமையில்தான் பிழை. மண்ணெண்ணெய் எரிந்து தீரும். தீர்ந்தவர் மீண்டும் கடைக்கு வருவர். நூலோ படித்தபின்னும் தீர்வதில்லை. வாசகசாலையில் ஒரு படியை நூறு பேர் படிப்பர். எழுதியவருக்கு அது புகழ். அச்சிட்டவருக்கு ஒரு படியின் விலை மட்டுமே. இருவரும் ஒருவரேயாயின், புகழும் கடனும் ஒரே வீட்டில் வந்து சேரும்.

வேண்டிய முதல் சேரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். மறு ஆண்டு செல்லம்மா பாரதி, 'பாரதி ஆச்ரமம்' என்னும் பெயரில் 'ஸ்வதேச கீதங்க'ளை இரு பகுதிகளாக வெளியிட்டார். பொருள்முடை தொடர்ந்தது. 1931இல் பதிப்புரிமை 4,000 ரூபாய்க்குப் பாரதியாரின் தம்பி விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையோ 1934இல் 450 ரூபாய்க்கு வணிகர் ஒருவரிடம் சேர்ந்து, பின்னர் ஏவி. மெய்யப்பனிடம் பன்மடங்கு விலைக்குக் கைமாறியது.

1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாவுக்கும் இரு மகளிர்க்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பெற்றன. ஆக 30,000 ரூபாய். 1920இல் கிடைக்காத 20,000 ரூபாயினும் இது மிகுதி. ஆனால் 29 ஆண்டுகள் கடந்து வந்தது.

பாரதியார் வாசகர் தொகையைத் தவறாக மதித்தாரல்லர். காலத்தையே தவறாக மதித்தார். நான்கு லட்சத்தினும் மிகுதியான தமிழர் அவரைப் படித்துவிட்டனர். நூல் ஈட்டும் ஊதியம் அச்சுக்கூடத் தவணைக்குள் வந்து நிற்பதில்லை. ஆதலின் கடனுக்கு அஞ்சிப் படிகளைக் குறைக்கலாம்; முடைக்கு அஞ்சி உரிமையைக் கைவிடலாகாது. படிகள் விற்றுத் தீர்வன. உரிமையோ தலைமுறைகளுக்கும் விளையும் நிலம்.