புயல் ஒரு நாள், இருட்டு 11 மாதம்

முதல்ல நாலு எண்களைப் பாருங்க.

1899: 3,369
1928: 312
2017: 64
2017 (மறுகணக்கு): 2,975

நான்குமே கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் புயலால் இறந்தவர்களின் எண்ணிக்கை. கடைசி இரண்டும் ஒரே புயலுக்கு உரியவை. 1899-க்கும் 1928-க்கும் நடுவில் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு சாட்டிலைட் வந்தது, ரேடார் வந்தது, கான்கிரீட் வீடு வந்தது. அப்படியிருந்தும் 2017-ல் அந்தப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் திரும்பப் போய் நின்றது எப்படி?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். பதில் வானிலை ஆய்வு மையத்தைவிட வீட்டுக்குள்தான் அதிகம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

சாமி பேர் வைத்த புயல்கள்

புவேர்ட்டோ ரிக்கோ 1898 வரை ஸ்பெயினின் காலனி, அதன்பின் அமெரிக்காவின் கையில். கத்தோலிக்க ஊர் என்பதால் புயல் எந்தப் புனிதரின் திருநாளில் அடிக்கிறதோ அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிடுவார்கள். 1899 ஆகஸ்ட் 8-ல் அடித்தது சான் சிரியாகோ. 1928 செப்டம்பர் 13-ல் அடித்ததற்குப் பெயர் "இரண்டாம் சான் ஃபெலிப்பே". ஏன் இரண்டாம் என்றால், 1876-லும் சரியாக அதே செப்டம்பர் 13-ல் ஒரு புயல் அடித்திருந்தது!

சான் சிரியாகோ வந்தபோது தீவின் மக்கள்தொகை சுமார் 9.5 லட்சம். அமெரிக்கா தீவை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம்கூட முழுசா ஆகவில்லை. பெருமழை, ஆற்று வெள்ளம், காப்பித் தோட்டங்கள் நாசம். நிவாரண அரிசியும் பீன்ஸும் பெரும்பாலும் தோட்ட முதலாளிகள் மூலமாகவே கூலியாட்களுக்குப் போயின. பிழைக்க வழியில்லாமல் அடுத்த இரண்டு வருஷங்களில் சுமார் 5,000 பேர் கப்பலேறி ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

1928 புயல் இதைவிட பலமானது. காற்று மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டியது. லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். ஆனால் இறந்தவர்கள் 312 பேர். முக்கியக் காரணம், முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை. வானொலியிலும் காவல் நிலையங்கள் வழியாகவும் ஊர் ஊராகச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இதே புயல் அடுத்து ஃப்ளோரிடாவுக்குப் போய், ஒக்கிச்சோபி ஏரிக்கரை உடைந்து 2,500 பேருக்கு மேல் பலியானார்கள். ஆக, எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேர்ந்தால் அது எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு 1928 ஒரு நல்ல உதாரணம்.

கரண்ட் இல்லாத வீடு

அந்தக் காலத்து மலைக்கிராமத்து வீடு புயலுக்கு எப்படித் தயாரானது?

மரப்பலகையும் ஓலையும் கொண்ட வீடு புயலில் நிற்காது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் "தொர்மென்தேரா" என்று ஒரு குடிசை கட்டி வைப்பார்கள். தொர்மென்தா என்றால் ஸ்பானிஷில் புயல். சுவரே கிடையாது, கூரை மட்டும் கூம்பாக இரண்டு பக்கமும் தரையைத் தொடும். கால்கள் மண்ணில் ஆழமாகப் புதைந்திருக்கும். காற்று மோதுவதற்கு முகமே இல்லாத ஒரு கட்டிடம். குடும்பம் முழுவதும் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்தக் கட்டுமான அறிவு தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களிடமிருந்து வந்தது என்கிறார்கள்.

சாப்பாடு? புயலில் வாழை மொத்தமாகப் படுத்துவிடும். ஆனால் மண்ணுக்கடியில் இருக்கும் மரவள்ளி, சேப்பங்கிழங்கு மாதிரியான கிழங்குகள் தப்பித்துவிடும். நம்ம ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மரவள்ளிக்கிழங்குதான் அங்கே புயலுக்குப் பிந்தைய வாரங்களின் சோறு. தண்ணீர் ஊற்றிலிருந்து வரும். விளக்கு மண்ணெண்ணெய்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. தைனோ மொழியின் "ஹுரகான்" என்ற சொல்தான் ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்தில் ஹரிக்கேன் ஆனது. காற்றடித்தாலும் அணையாத மண்ணெண்ணெய் லாந்தருக்கு ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அதுதான் நம்ம தாத்தா பாட்டி வீட்டில் தொங்கிய அரிக்கேன் விளக்கு. கரீபியன் பூர்வகுடிகளின் ஒரு சொல்லை நம் கிராமங்கள் தெரியாமலேயே புழங்கிக்கொண்டிருந்தன.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த வீட்டுக்குக் கூரைதான் பிரச்சினை. கூரை போனால் எல்லாம் போச்சு. ஆனால் உயிர் தப்பிவிட்டால், அடுத்த நாள் வாழ்க்கைக்குத் தேவையான விளக்கும் தண்ணீரும் அடுப்பும் வெளியிலிருந்து எந்தக் கம்பி வழியாகவும் வரவில்லை.

கான்கிரீட்டும் கம்பியும்

1941-ல் தீவின் மின்சாரத்தை நடத்த அரசு நிறுவனம் ஒன்று உருவானது. அடுத்த சில பத்தாண்டுகளில் மலைக்கிராமங்கள் வரை கரண்ட் போனது. கூடவே மர வீடுகள் போய் சிமெண்ட் வீடுகள் வந்தன. புயலுக்கு வீடு தாங்க ஆரம்பித்தது. தொர்மென்தேரா மறைந்துவிட்டது.

ஆனால் வீட்டின் பலவீனம் கூரையிலிருந்து கம்பிக்கு இடம் மாறியது. தீவின் நீளம் கிழக்கு மேற்காகச் சுமார் 160 கிலோமீட்டர், அகலம் சுமார் 60. பெரிய மின்நிலையங்கள் தெற்குக் கடற்கரையில். தலைநகர் சான் ஹுவானும் பெரும்பாலான மக்களும் வடக்கே. நடுவில் மலைத்தொடர். வடக்கே எரியும் விளக்குகளில் பெரும்பகுதிக்கு மின்சாரம் காடு மண்டிய அந்த மலைகளைத் தாண்டித்தான் வர வேண்டும். எங்கள் தொழிலில் இதை சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர் என்போம்: ஒன்று போனால் எல்லாம் போகும் இடம்.

முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. 1998-ல் ஜார்ஜஸ் புயல் அடித்தபோது மின் இணைப்புகளில் 96 சதவீதம் அணைந்தன.

மரியா

2017 செப்டம்பர் 6-ல் இர்மா புயல் தீவை உரசிக்கொண்டு போனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் செப்டம்பர் 20 அதிகாலை மரியா, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில், யபுகோவா என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. மொத்தத் தீவும் இருட்டானது. சுமார் 15 லட்சம் இணைப்புகள். செல்போன் கோபுரங்களில் 95 சதவீதம் செத்துப்போயின. மின் நிறுவனமோ ஏற்கெனவே சுமார் 900 கோடி டாலர் கடனில், அந்த ஜூலையில்தான் திவால் மனு கொடுத்திருந்தது.

வீடுகளில் என்ன தயாராக இருந்தது? எப்போதும் சொல்லப்படும் பட்டியல்தான்: மூன்று நாளுக்குத் தண்ணீர், டின் உணவு, டார்ச், பேட்டரி ரேடியோ, முதலுதவிப் பெட்டி. தப்பான பட்டியல் என்று சொல்ல முடியாது. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய வரம். செல்போன் செத்துப்போன தீவில் வாபா என்ற ஏஎம் வானொலி மட்டும் தீவு முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்கள் அங்கே நேரில் போய், சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலின் ஆயுள் மூன்று நாள். ஹார்வர்டு ஆய்வுக்குழு 3,299 வீடுகளில் நேரில் போய்க் கேட்டது. அந்த வருஷக் கடைசிக்குள் சராசரியாக ஒரு வீட்டில் 84 நாள் கரண்ட் இல்லை, 41 நாள் செல்போன் இல்லை. எல்லா இணைப்புகளும் திரும்பிவிட்டதாக மின் நிறுவனம் அறிவித்தபோது 2018 ஆகஸ்ட். கிட்டத்தட்ட 11 மாதம்.

வீட்டுக்குள் என்ன ஆகிறது

கரண்ட் போன வீட்டில் பொருட்கள் ஒரு வரிசையில் கைவிடும். யோசிச்சுப் பாருங்க.

முதல் 4 மணி நேரம்: கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் அதுவரைதான் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. அதனால்தான் புயலுக்கு முன் பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்து ஃப்ரீசரை அடைத்து வைப்பார்கள். உருகினால் குடிக்கவும் ஆகும்.

இரண்டாவது, மூன்றாவது நாள்: மோட்டார் ஓடாததால் தண்ணீர் நிற்கும். தீவின் மலைப்பகுதிகளில் ஊற்றுத் தண்ணீரைப் பைப் போட்டுச் சாலையோரம் இறக்கி, குடங்களோடு வரிசையில் நின்றார்கள். ஏடிஎம் ஓடாது. கையில் நோட்டு இருப்பவர்தான் பொருள் வாங்க முடியும்.

முதல் வாரம்: ஜெனரேட்டர். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் பல மணி நேர வரிசை. இதில் இன்னொரு ஆபத்து, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மழைக்காகவோ திருட்டுப் பயத்தாலோ ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்து வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு. 2020-ல் அமெரிக்காவின் லூசியானாவில் லாரா புயலை ஒட்டி நடந்த பல மரணங்களுக்கு இதுதான் காரணம்.

ஒரு மாதம்: இன்சுலின். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும். அதற்குப் பிறகு? இரவில் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு தூங்குபவர், ஆக்ஸிஜன் இயந்திரத்தில் இருப்பவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போக வேண்டியவர்? இவர்களுக்கு அந்த ஒரு மாதக் கணக்குகூட இல்லை.

64 எப்படி 2,975 ஆனது

முதலில் அரசு சொன்ன கணக்கு 64. கூரை விழுந்தது, வெள்ளம் அடித்தது, மண் சரிந்தது என்று புயலோடு நேரடியாக முடிச்சுப் போட முடிந்த மரணங்களே பெரும்பாலும் அதில் இருந்தன. நவம்பரில் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடாமல் இறந்த ஒரு பாட்டியின் இறப்புச் சான்றிதழில் "நுரையீரல் நோய்" என்று இருந்தால் அது புயல் கணக்கில் வராது.

தீவு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு மாதிரி கணக்குப் போட்டது. 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை வழக்கமாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள்? வித்தியாசம் 2,975. 2018 ஆகஸ்டில் அரசு அதையே அதிகாரபூர்வ எண்ணாக ஏற்றது. ஏழை ஊர்களில் இருந்தவர்களுக்கும், 65 வயது தாண்டிய ஆண்களுக்கும் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. ஹார்வர்டு குழு தன் ஆய்வில் பதிவான மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு, சிகிச்சை தாமதமானதோ தடைப்பட்டதோதான் காரணம் என்றது.

1899-ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2017-ல் காற்று நின்று, வெயில் வந்து, டிவி கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு, ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு கட்டிலாக நடந்தது. 1928-ல் உயிர் காத்த எச்சரிக்கை இந்த முறையும் சரியாகவே வந்தது. ஆனால் எச்சரிக்கை புயலுக்கு முந்தைய நாளுக்குத்தான் உதவும், பிந்தைய 84 நாளுக்கு உதவாது.

அட்ஜுன்டாஸ்: ஒரு மாற்று

அதே இருட்டில் வெளிச்சமாக இருந்த ஒரு கட்டிடமும் உண்டு. நடு மலையில் அட்ஜுன்டாஸ் என்ற சின்ன ஊர். அங்கே அலெக்சிஸ் மஸ்ஸோல் கொன்ஸாலஸ் என்ற பொறியாளரும் அவர் மனைவி தின்தி தேயாவும் 1980-ல், சுரங்கத் திட்டத்தை எதிர்க்கத் தொடங்கிய அமைப்பு காசா புவெப்லோ. "மக்கள் வீடு" என்று பொருள். 1999-லேயே தங்கள் கட்டிடத்தில் சோலார் போட்டுவிட்டார்கள்.

மரியாவுக்கு மறுநாளும் அங்கே கரண்ட் இருந்தது. ஊர் மக்கள் வந்து போன் சார்ஜ் செய்தார்கள், மருத்துவக் கருவிகளை ஓட்டிக்கொண்டார்கள். சூரிய விளக்குகள் ஆயிரக்கணக்கில் வினியோகமாயின. நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குச் சிறிய சோலார் ஃப்ரிட்ஜ்கள் போயின. யாருக்கு முதலில் என்பதை நோயும் தேவையும் முடிவு செய்தன. 2023 மார்ச்சில் ஊர்க் கடைகள் சிலவற்றை இணைத்து, பேட்டரியோடு ஒரு சிறிய மின்வலையே தொடங்கிவிட்டார்கள்.

நடுவில் 2022 செப்டம்பர் 18-ல் ஃபியோனா வந்தது. மரியாவோடு ஒப்பிட்டால் மிகவும் பலம் குறைந்த புயல். ஆனாலும் தீவு முழுக்க மறுபடி இருட்டு. சோலாரும் பேட்டரியும் வைத்திருந்த வீடுகளில் விளக்கு எரிந்தது.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. மாடியில் சோலார் பேனல் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிக்கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பேட்டரியும், வெளிக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துத் தனியாக ஓட்டும் வசதியும் இருந்தால்தான் கரண்ட் கட்டில் அது பயன்படும்.

எத்தனை நாள்?

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்ததை நாம் பார்த்தோம். ஆகவே இது எங்கேயோ கரீபியனில் நடந்த கதை என்று விட்டுவிட முடியாது.

மெழுகுவர்த்தியும் பிரெட்டும் வாங்கி வைப்பதோடு நிற்காமல், வீட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. கரண்டில் ஓடும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில், அது நின்றால் எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் சமாளிக்க முடியும் என்று எழுதுங்கள். டிவி, ஏசி எல்லாம் கடைசி. ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்து, அப்பாவின் நெபுலைசர், தண்ணீர் மோட்டார் இவையெல்லாம் முதல். பிறகு அதே கேள்வியைப் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கும் கேட்டுப் பாருங்கள். அவரிடம் இன்வெர்ட்டர் இருக்காது. உங்களிடம் இருந்தால், அவருடைய இன்சுலின் உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கலாம் என்று புயல் வருவதற்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள். அந்த 2,975 பேரில் பலருக்குத் தேவைப்பட்டது இந்த அளவு ஏற்பாடுதான்.